குடம் தூக்கினவளுக்கு அப்பம் இல்லை

நமுனுகுல
05.03.2024

அண்ணனுக்கு,

நான் போனை எடுக்கவில்லை என்று அண்ணியிடம் சத்தம் போட்டீர்களாம். எடுக்க மாட்டேன். எடுத்தால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "கண்ண மூடு தங்கச்சி, ஜெபிப்போம்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் ஜெபத்துக்குள்ளேயே வைத்து என்னைத் திட்டுவீர்கள். குறுக்கே பேசினால் அதுவும் பாவம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் நீங்கள் ஆமென் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழும்பி, இரண்டு பஸ் மாறி தெமோதரையில் உங்கள் சபைக்கு வந்தேன். அம்மாவின் கருமாதி முடிந்த பிறகு வந்த முதல் திருவிருந்து. எனக்கு அது வேண்டியிருந்தது அண்ணே. அழுது அழுது மரத்துப் போயிருந்தேன். அப்பமாகக் கொடுக்கிற அந்தச் சின்னப் பாண் துண்டு கையில் விழுந்தால், நான் இன்னும் யாருக்கோ சொந்தம் என்று தெம்பு வரும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

நீங்கள் எபிரேயருக்கு எழுதின நிருபத்தைத் திறந்தீர்கள். ஆறாம் அதிகாரம். பரலோகத்தின் ஈவை ருசி பார்த்த பிறகு மறுதலித்துப் போனவர்களைத் திரும்பப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று வாசித்தீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை, பாயில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அழகையா மூப்பர் தட்டோடு வந்தார். இந்தப் பக்கம் ரெங்கம்மாக்காவுக்குக் கொடுத்தார். என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். நான் நீட்டின கையை மடக்கவும் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அதை நீங்களும் பார்த்தீர்கள்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? அம்மாவை அடக்கம் பண்ணும்போது கொள்ளிக்குடம் தூக்கினேன். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். மகன் செய்ய வேண்டியது. அம்மா பெரியாயிக்கு மகன் என்று நீங்கள் ஒருத்தர்தான். பாஸ்டரான நான் அதைச் செய்யக் கூடாது என்றீர்கள். லயத்து வரிசையில் நம் வீட்டு வாசலில் ஜெபம் பண்ணிவிட்டு, தப்பு அடிக்க ஆரம்பித்ததும் ரோட்டுக்கு இறங்கினீர்கள். புதைக்கிற மேட்டுக்கு வரவே இல்லை. பெரிய மாமா "பொம்பளப் புள்ள குடம் தூக்குறதாவது!" என்று குதித்தார். அம்மா சாகிறதுக்கு முன்பே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். "அவன் தூக்க மாட்டான்டி. நீ தூக்கிரு. தூக்க நாதியில்லாம போனான்னு லயத்துல பேசக் கூடாது." தூக்கினேன்.

இப்போது எனக்கு ஒன்று விளங்கவில்லை. அந்த வசனம் சொல்கிறபடி நான் முடிந்துபோனவள். முடிந்துபோனவளுக்கு, "அடுத்த மாசம் சபைக்கு முன்னால மன்னிப்புக் கேக்கச் சொல்லு, பாப்போம்" என்று அண்ணியிடம் ஏன் சொல்லி அனுப்பினீர்கள்? கூடாத காரியமா, பார்க்கலாமா? ரெண்டில் ஒன்று சொல்லுங்கள்.

தனுஜா


தெமோதரை
13.03.2024

தங்கச்சிக்கு,

நான் ஸ்தோத்திரம் சொல்லித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். சொன்னால் நீ அதோடு மடித்து வைத்துவிடுவாய். அதனால் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் உன்னைத் திட்டவில்லை. வசனத்தை வாசித்தேன். அந்த வசனத்தை நான் எழுதவுமில்லை. எழுதினவர் யாரென்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தை மாதத்திலிருந்து அந்த நிருபத்தை வரிசையாக வாசித்து வருகிறோம், அன்றைக்கு ஆறாம் அதிகாரம் வந்தது. நீ நம்ப மாட்டாய், நம்பாமல் போ.

அது யாருக்கு எழுதின கடிதம் என்று கொஞ்சம் யோசி. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். சொந்தக்காரர்கள் ஒதுக்கினார்கள், ஊரார் ஏசினார்கள், உள்ளதைப் பறித்தார்கள். போதும் சாமி, பழையபடியே இருந்துவிடலாம் என்று சலித்துப் போயிருந்தவர்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தத்தான் அவ்வளவு கடுமையாக எழுதினார். நம்முடைய ஆட்களும் அதே நிலைமைதானே? லயத்தில் ஒருத்தன் நம் பக்கம் வந்தால் கல்யாணத்துக்குச் சொல்ல மாட்டார்கள், திருவிழா வரி கொடுக்கவில்லை என்று தண்ணீர்ப் பைப்பை மறிப்பார்கள். இருப்பதே கொஞ்சம் குடும்பம். அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்டரின் தங்கச்சியே சடங்கு செய்தாள், ஒன்றும் நடக்கவில்லை என்றால் நாளைக்கு ஒருத்தன் நிற்பானா?

உன் கேள்விக்குப் பதில்: வசனம் சொல்கிற அந்த இடத்துக்கு நீ போய்ச் சேரவில்லை என்பது என் நம்பிக்கை. சேரவில்லை என்று நீதான் காட்ட வேண்டும். பெரிய சாட்சி ஒன்றும் வேண்டாம். எழும்பி நின்று "தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல். அழகையா முதல் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதைச் சொல்ல உனக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரி.

மேட்டில் அட்டை கடித்த இடம் சீழ் வைத்திருந்தது என்று அண்ணி சொன்னாள். ஆறிவிட்டதா? மருந்து போட்டாயா?

அண்ணன்
ரஜீவ்


நமுனுகுல
22.03.2024

அண்ணனுக்கு,

அட்டை கடித்தது ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன். விளையாட்டில்லை, உண்மையாகவே. வேலை பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகள் எல்லாம் தூங்கின பிறகு, தொட்டில்களுக்கு நடுவில் நின்று, நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தேன். வாயில் வருகிறது. மனதில் வரமாட்டேன் என்கிறது. அம்மா நாளைக்கே இன்னொரு தடவை செத்தாலும் நான் இன்னொரு தடவை தூக்குவேன். பொய் சொல்லி அப்பம் வாங்கித் தின்னச் சொல்கிறீர்களா? தகுதியில்லாமல் தின்றால் என்ன வரும் என்று அதற்கும் ஒரு வசனம் உங்களிடம்தானே படித்தேன்?

அதைவிட, நம் சபைத் தம்பையாண்ணனை மறந்துவிட்டீர்களா? போன வருஷம் அவர் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது மாரியம்மனுக்குக் காவடி நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, தூக்கினார். அந்த ஞாயிறும் இதே ஆறாம் அதிகாரம்தான். அன்றைக்கு வரிசை முறை ஒன்றும் இல்லை, தேடிப் பிடித்து எடுத்தீர்கள். "நீ அங்க போய்ச் சேரல, ஒரு வார்த்தை சொல்லு" என்று அவரிடம் சொல்லவில்லை. "கூடாத காரியம்னா கூடாத காரியம்தான்" என்று மேசையைத் தட்டினீர்கள். நானும் பாயில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். அந்த மனுஷன் இன்றைக்குக் கோயிலுக்கும் போவதில்லை, சபைக்கும் வருவதில்லை. பஸ்ஸில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அவருக்கு ஓர் அர்த்தம், உங்கள் கூடப் பிறந்தவளுக்கு ஓர் அர்த்தமா? எனக்குச் சலுகை வேண்டாம். அவருக்கு வாசித்த மாதிரியே எனக்கும் வாசியுங்கள். இல்லாவிட்டால் எனக்கு வாசிக்கிற மாதிரி அவருக்கும் போய் வாசியுங்கள். நடுவில் நின்று இழுக்காதீர்கள், எரிச்சலாக வருகிறது.

தனுஜா


தெமோதரை
09.04.2024

தங்கச்சிக்கு,

ஈஸ்டருக்கும் வரவில்லை. முந்தாநாள் திருவிருந்துக்கும் வரவில்லை. ரெங்கம்மாக்கா தன் பக்கத்தில் பாயில் இடம் விட்டே உட்கார்ந்திருக்கிறார். யாராவது அங்கே உட்காரப் போனால் கைப்பையை எடுத்து வைக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பண்டாரவளைக்குப் போய் பெரிய பாஸ்டரிடம் கேட்டேன். உன்னுடைய பேரைச் சொல்லவில்லை, "ஒரு சகோதரி" என்றேன். அவர் மூன்று விளக்கம் சொன்னார். அப்படி விழுந்தவர்கள் ஆரம்பத்திலேயே உண்மையாக விசுவாசிக்காதவர்கள் என்பது ஒன்று. உண்மையாக விசுவாசித்தவர்களும் விழலாம், விழுந்தால் போனதுதான் என்பது இன்னொன்று. மனுஷனால்தான் முடியாது, கடவுளால் முடியும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரம் காட்டினார். கேட்கும்போது மூன்றும் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உனக்குச் சொல்லிப் பார்த்தேன். நீ ஆரம்பத்திலேயே பொய் என்று சொல்லவா? ஞானஸ்நானத்துக்கு ஆற்றில் இறங்கினபோது குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடினவள் நீ. போனது போனதுதான் என்று சொல்லவா? என் வாயில் வராது. மூன்றாவதைச் சொல்லவா? அப்போது தம்பையாவுக்கு ஏன் சொல்லவில்லை என்பாய்.

நீ கேட்டதையேதான் அழகையாவும் கேட்கிறார். "பாஸ்டர் தங்கச்சின்னா ஒரு சட்டம், தம்பையான்னா ஒரு சட்டமாங்க?" நீ அந்தப் பக்கத்திலிருந்து இடிக்கிறாய், அவர் இந்தப் பக்கத்திலிருந்து இடிக்கிறார். நான் என்ன மரமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் குடத்தைத் தொட்டிருந்தால் மறுநாள் இங்கே சபை இருந்திருக்காது. ரோட்டில் நின்று தப்புச் சத்தம் மேட்டுக்கு ஏறி ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அவள் அம்மாதான் தனுஜா. நீ எழுதுகிற எந்தக் கடிதத்திலும் அது இல்லை.

ரஜீவ்


நமுனுகுல
28.04.2024

அண்ணனுக்கு,

உங்கள் மூன்று விளக்கத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சபைக்கு வராத ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் என்ன செய்வது? மழை, கரண்டும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் அந்த நிருபத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் படித்தேன். நாம் எப்போதும் ஒரு வசனம் ரெண்டு வசனம் என்று கிள்ளிக் கிள்ளித்தானே படிப்போம். கடிதத்தை யாராவது அப்படிப் படிப்பார்களா? பாதி எனக்கு விளங்கவில்லை. மெல்கிசேதேக்கு என்று ஒருத்தர் வருகிறார், போகிறார், அவரை விட்டுவிட்டேன். ஆனால் எழுதினவருடைய குரல் கேட்டது. மனுஷனுக்குப் பொறுமை போய்விட்டது. இந்நேரம் வாத்தியாராக இருக்க வேண்டிய நீங்கள் இன்னும் பால் குடிக்கிறீர்களே என்று ஏசுகிறார். பிறகு உங்கள் வசனம். பிறகு முள் முளைக்கிற நிலம், எரிப்பு. நீங்கள் ஒவ்வொரு தடவையும் அந்த எரிப்போடு பைபிளை மூடிவிடுவீர்கள். அதற்கு அடுத்த வரியைப் படித்தீர்களா? "பிரியமானவர்களே" என்று கூப்பிடுகிறார். இப்படிப் பேசினாலும் உங்களைப் பற்றி நல்லதைத்தான் நம்பியிருக்கிறோம் என்கிறார். கடைசியில், தீமோத்தேயு விடுதலையாகிவிட்டான், அவன் சீக்கிரம் வந்தால் ரெண்டு பேருமாக உங்களைப் பார்க்க வருகிறோம் என்று எழுதியிருக்கிறார்.

தொலைந்து போனார்கள் என்று முடிவு கட்டினவர்களைப் பார்க்க யாராவது கிளம்பி வருவார்களா? நீங்கள் என்னைப் பிடிவாதக்காரி என்று ஏசிவிட்டு, கீழேயே அட்டை கடித்ததுக்கு மருந்து போட்டாயா என்று கேட்டீர்களே. அதே மாதிரிதான் எனக்குப் பட்டது.

வசனம் கடுமையில்லை என்று நான் சொல்லவில்லை. படிக்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அவர் இன்னும் போகாதவர்களைப் பார்த்துப் போகாதே என்று கத்துகிறார். நீங்கள் என்னைக் காட்டி, போய்விட்டாள் என்று வாசித்தீர்கள். எனக்கு வலிக்கிறது அதுதான்.

ஒரு விஷயம் எழுத வேண்டாம் என்று இருந்தேன். நீங்கள் ரோட்டில் நின்றதை எழுதினதால் எழுதுகிறேன். குடத்தைத் தோளில் ஏற்றினதும் பெரிய மாமா, "சும்மா சுத்தாத, என்னமாச்சும் சொல்லிக்கிட்டே சுத்து" என்றார். ஆம்பளைகள் என்ன சொல்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பொம்பளைகள் அந்த இடம் வரைக்கும் போனதே இல்லையே. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பரமண்டல ஜெபம் ஒன்றுதான். அதையே முணுமுணுத்துக்கொண்டு சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் குடத்தைக் கொத்தினார்கள், தண்ணீர் முதுகில் ஊற்றியது, நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசிச் சுற்றில் மன்னிப்பைக் கேட்கிற இடம் வரும்போது குடம் பின்னால் விழுந்து உடைந்தது. நான் போட்டேனா, வழுக்கினதா, எனக்கே தெரியாது.

இதை வைத்துத் தப்பிக்கப் பார்க்கவில்லை. உங்களுக்கு மட்டும் சொன்னேன்.

தனுஜா


தெமோதரை
07.05.2024

அன்புள்ள தனுஜா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன், அண்ணி பயந்துபோய்விட்டாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டு சுற்றினவள் எப்படி மறுதலித்தவள் ஆவாள்? ரெண்டு மாதமாக ஊரையே இரண்டாக்கிவிட்டு, இதை அடிமடியில் வைத்திருந்திருக்கிறாய்!

எனக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அழகையாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் இன்னும் கறுத்தது. "அந்தச் சடங்குக்குள்ள கர்த்தருடைய ஜெபத்தக் கலந்தாளா? இது அதவிட மோசமுங்க" என்கிறார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பரவாயில்லை. அடுத்த மாதம் நீயே வந்து, குடத்தையும் ஜெபத்தையும் உன் வாயால் சபைக்குச் சொல். மன்னிப்பு என்ற வார்த்தையே வேண்டாம். நடந்ததை மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்
ரஜீவ்


நமுனுகுல
20.05.2024

உங்களுக்கு மட்டும் என்று எழுதினேன். தமிழில்தானே எழுதினேன்?

அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் நான் சொன்னது அழகையா மூப்பர் மார்க் போடுவதற்கில்லை. அவர் ஃபெயில் போட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாஸ் போட்டிருந்தால்தான் அழுதிருப்பேன். ஜெபம் சொன்னேன் என்பதால் நான் உள்ளே, வாயை மூடிக்கொண்டு சுற்றியிருந்தால் வெளியே, அப்படியா? பயத்தில் எனக்கு அன்றைக்கு அந்த ஜெபமும் மறந்து போயிருக்கலாம். அப்போது என்ன செய்திருப்பீர்கள்?

ரெண்டாம் திகதி வருகிறேன். எழும்பி நிற்க மாட்டேன், எதையும் சொல்ல மாட்டேன். ரெங்கம்மாக்கா விட்டு வைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டுவேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் பாடு. இந்தத் தடவை எனக்குக் கிடைக்காவிட்டால் திரும்ப அந்த வாசல் ஏற மாட்டேன். இது மிரட்டல் இல்லை அண்ணே. என்னால் முடியாது, அவ்வளவுதான்.

தனுஜா


தெமோதரை
03.06.2024

தங்கச்சிக்கு,

நேற்று கடைசிப் பாட்டு முடிவதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். தலையைக் குனிந்தே இருந்ததால் நீ எல்லாவற்றையும் பார்த்திருக்க மாட்டாய்.

ஆறாம் அதிகாரத்தையே திரும்ப எடுத்தேன். எரிப்போடு மூடாமல் அதிகாரம் முடிகிற வரைக்கும் வாசித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, என்னிடம் இருக்கவும் இல்லை. பிறகு தட்டு வந்தது. "யாரையும் விட்டுராதீங்க" என்று அழகையாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். சரியென்று தலையாட்டினவர் உன்னிடம் வந்ததும் தட்டை உயர்த்திக்கொண்டு தாண்டினார். நான் மேசைக்குப் பின்னாலேயே நின்றேன். ரெங்கம்மாக்கா தன்னுடைய துண்டை ஏற்கெனவே கையில் வாங்கியிருந்தார். அதை இரண்டாகப் பிய்த்தார். பாதியை உன் கையில் வைத்து, உன் விரலை அவரே மூடிவிட்டார். யாரையும் பார்க்கவில்லை.

அழகையா என் பக்கம் திரும்பி, "பாஸ்டர், பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று சத்தம் போட்டது உனக்கும் கேட்டிருக்கும். நான் சொன்னதும் கேட்டதா? "ரெங்கம்மாக்காவுக்கு இன்னொரு துண்டு குடுங்க" என்றேன்.

நீ போன பிறகு பெரிய சண்டை. "அப்ப தம்பையாவுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சபைச் சாவியை மேசையில் போட்டுவிட்டு வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் இரண்டு குடும்பம் யோசிக்கிறதாம். இன்றைக்குக் காலையில் தம்பையா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். திரும்பவும் போவேன்.

அந்த வசனம் இப்போதும் எனக்குப் பயம்தான். அதை லேசாக்கிச் சொல்ல என்னால் முடியாது. இன்னார்தான் என்று கையைக் காட்டுகிற வேலையை இனிமேல் செய்ய மாட்டேன். அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை, விளங்கினால் எழுதுகிறேன்.

நேற்று பின்னேரம் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே வரத்தான் கிளம்பினேன். பதுளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது, மேட்டில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. லயத்தில் யாரிடம் கேட்பது? பெற்ற மகன் கேட்கிறான் பார் என்பார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் வருகிறேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இரு. அம்மாவை எங்கே வைத்தீர்கள் என்று கூட்டிப்போய்க் காட்டு.

அண்ணன்
ரஜீவ்